ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு நேரம்?

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், போகா ரட்டான் என்ற ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சிறிய குழு அதை ஏறக்குறைய ஓராண்டு அவகாசத்தில் உருவாக்கியது. உறுப்புகளைத் தானே வடிவமைத்துத் தானே தயாரிப்பது ஐபிஎம்மின் வழக்கம். இந்த முறை அதற்கு நேரமில்லை. பிராசசரை இன்டெல்லிடம் வாங்கினார்கள். இயக்க மென்பொருளை மைக்ரோசாஃப்டிடம் வாங்கினார்கள். மற்ற நிறுவனங்களும் இதற்குக் கார்டுகள் செய்யட்டும் என்று, போர்டின் சுற்றுப் படங்களையும் கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் பயாஸ் நிரலையும் கையேடாக அச்சிட்டு விற்றார்கள். 1995-ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரம், மதர்போர்டின் நீள அகலம், திருகுத் துளைகளின் இடம், மின் இணைப்பின் வடிவம் எல்லாவற்றையும் வரையறுத்தது.

இன்று சென்னை ரிச்சி தெருவில் நான்கு கடைகளில் நான்கு பொருட்களை வாங்கி வீட்டுக்கு எடுத்துவருபவர் ஐபிஎம்மும் இன்டெல்லும் எடுத்த அந்த இரண்டு முடிவுகளின் பலனைத்தான் அனுபவிக்கிறார். அமெரிக்க நிறுவனத்தின் பிராசசர், தைவான் நிறுவனத்தின் மதர்போர்டு, கொரிய நிறுவனத்தின் எஸ்எஸ்டி மூன்றும் சண்டையில்லாமல் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஒரு ஸ்குரூ டிரைவரும் அரை நாள் பொறுமையும் இருந்தால் பள்ளி மாணவர்கூட ஒரு கேமிங் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்துவிடலாம்.

பொருத்துவது எளிது. தேர்ந்தெடுப்பதுதான் கடினம். பிராசசர் பெட்டியில் கோர் எண்ணிக்கையும் கிகாஹெர்ட்ஸும் இருக்கும், கிராபிக்ஸ் கார்டு பெட்டியில் ஜிபி, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் வாட். இவற்றை எப்படி ஒப்பிடுவது? கூடுதல் ஐயாயிரம் ரூபாயை எதில் போடுவது? இந்தக் கேள்விக்கு ஒரே ஓர் அளவுகோல் இருக்கிறது. விளையாட்டின் ஒரு ஃபிரேம் திரைக்கு வர எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்பதே அது. ஒவ்வொரு உறுப்பையும் இந்தக் கேள்வியால் உரசிப் பார்த்தால் விளம்பர எண்கள் தாமாக உதிர்ந்துவிடும்.

திரையிலிருந்து தொடங்குவோம்

திரைப்படம் வினாடிக்கு 24 ஃபிரேம்களில் ஓடுகிறது, நமக்கு உறுத்துவதில்லை. விளையாட்டு 24 ஃபிரேமில் ஓடினால் கை வலிக்கும் அளவுக்கு இழுக்கும். காரணங்கள் இரண்டு. சினிமா கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் பொதுவாக வினாடியில் 48-ல் ஒரு பங்கு நேரம் திறந்து பதிவு செய்கிறது. அதற்குள் நடக்கும் அசைவு லேசாகக் கலங்கிப் பதிவாகி, அடுத்த ஃபிரேமோடு இழைகிறது. விளையாட்டின் ஃபிரேமோ ஒரு கணத்தின் கூர்மையான படம். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. படம் பார்ப்பவர் எதையும் செய்வதில்லை. விளையாடுபவர் மவுஸை நகர்த்துகிறார், விளைவுக்குக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு நீண்டால் கையும் கண்ணும் பிரிந்துவிடுகின்றன.

வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுதாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் வெறும் 6.9 மில்லிவினாடி. இந்த அவகாசத்துக்குள் எத்தனை பிக்சல்களை வரைய வேண்டும் என்பதையும் மானிட்டர்தான் சொல்கிறது. 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 2560×1440 திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். அதாவது 4கே என்பது 1080-ன் சரியாக நான்கு மடங்கு பிக்சல்கள்.

ஆகவே, முதலில் முடிவு செய்ய வேண்டியது மானிட்டரை. பலர் கம்ப்யூட்டருக்கான பணத்தையெல்லாம் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தில் கிடைத்த பழைய 60 ஹெர்ட்ஸ் திரையை மாட்டுகிறார்கள். உள்ளே 140 ஃபிரேம் தயாரானாலும் திரை 60 தடவைதான் புதுப்பிக்கும். கொடுத்த காசில் பாதிக்கும் மேல் கண்ணுக்கே வராது. முதல்முறை கட்டுபவருக்கு 24 அங்குலம், 1080, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குச் சற்று மேல் என்பது நல்ல இலக்கு. கார்டின் வேகத்துக்கு ஏற்பத் தன் புதுப்பிப்பு நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி அதில் இருக்க வேண்டும். ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் என்ற பெயர்களில் விற்பது அதைத்தான். இந்த இலக்குக்குப் பொருத்தமாக இனி உறுப்புகளைத் தேடுவோம். உதாரணத்துக்கு 2023-ல் வந்த ரைசன் 5 7600 பிராசசரையும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டையும் எடுத்துக்கொள்கிறேன். மாடல் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். கணக்கு மாறாது.

யாருக்காக யார் காத்திருக்கிறார்கள்?

ஒரு ஃபிரேம் இரண்டு கைகளைக் கடந்து வருகிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, சுவர் எப்படி இடிந்தது, எந்தெந்தப் பொருளை வரைய வேண்டும் என்று கணக்கிட்டுப் பட்டியல் தருவது பிராசசர். அந்தப் பட்டியலை வாங்கி லட்சக்கணக்கான பிக்சல்களாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. கார்டு ஒரு ஃபிரேமை வரையும்போதே பிராசசர் அடுத்த ஃபிரேமுக்கான பட்டியலைத் தயார் செய்கிறது. நாற்றங்காலில் ஒரு குழு நாற்றுப் பறித்துக் கொடுக்க, வயலில் இன்னொரு குழு நட்டுக்கொண்டே போவது போன்ற ஏற்பாடு இது. நடவின் வேகத்தை எப்போதும் மெதுவான குழுதான் தீர்மானிக்கும்.

எண்களில் பார்ப்போம். ஒரு விளையாட்டில் பிராசசருக்கு ஃபிரேமுக்கு 6 மில்லிவினாடியும் கார்டுக்கு 12 மில்லிவினாடியும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிரேம் 12 மில்லிவினாடிக்கு ஒன்றாக வரும், வினாடிக்கு 83. இப்போது விலை கூடிய பிராசசர் வாங்கி 6-ஐ 4 ஆக்குகிறோம். பலன்? அதே 83. அந்தப் பணத்தைக் கார்டில் போட்டு 12-ஐ 8 ஆக்கியிருந்தால் வினாடிக்கு 125 ஃபிரேம் கிடைத்திருக்கும். கார்டை 6 வரை இறக்கினால் 167. அதற்குக் கீழே கார்டுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண், ஏனென்றால் இப்போது காத்திருப்பது கார்டு.

திரையை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும். 4கே-க்குப் போனால் கார்டின் வேலை நான்கு மடங்கை நெருங்கும். பிராசசரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும், எதிரிகளின் எண்ணிக்கை திரையின் அளவைப் பார்த்துக் கூடுவதில்லை அல்லவா? 1080-ல் 240 ஃபிரேம் வேண்டும் என்கிற போட்டி விளையாட்டுக்காரருக்கு நேர் எதிர்: அவருக்குப் பிராசசர்தான் முதலில் மூச்சு வாங்கும். கதை சார்ந்த பெரிய விளையாட்டுகளை விரும்புபவருக்குப் பெட்டியின் செலவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கார்டுக்குப் போவது நியாயம்.

ஆறு கோர் போதுமா?

போதும். ஏன் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை.

1989-ல் இன்டெல் 486 பிராசசர் 25 மெகாஹெர்ட்ஸில் வந்தது. 2004-ல் பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. பதினைந்து ஆண்டுகளில் 150 மடங்கு. ரைசன் 5 7600-ன் உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ், அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் கூடியது ஒன்றரை மடங்குகூட இல்லை. டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. ஆனால் மின்னழுத்தத்தை அதே விகிதத்தில் குறைக்க முடியவில்லை, குறைத்தால் அணைந்திருக்க வேண்டிய டிரான்சிஸ்டர் வழியாகவும் மின்சாரம் கசிந்தது. வேகத்தைக் கூட்டினால் வெப்பம் தாங்கவில்லை. வேறு வழியின்றி நிறுவனங்கள் ஒரே சில்லில் பல கோர்களை வைக்கத் தொடங்கின.

கோர்களைப் பெருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதை 1967-லேயே சொன்னவர் ஐபிஎம்மின் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால். ஒரு வேலையில் 60 சதவீதத்தைப் பங்கிட்டுச் செய்யலாம், 40 சதவீதத்தை ஒருவரேதான் வரிசையாகச் செய்ய வேண்டும் என்றால், ஆறு கோர்கள் அதை 2 மடங்கு வேகமாக்கும். பதினாறு கோர்கள்? சுமார் 2.3 மடங்கு. கோடிக்கணக்கான கோர்களை அடுக்கினாலும் 2.5 மடங்கைத் தாண்டாது. விளையாட்டின் தர்க்கத்தில் வரிசையாகச் செய்ய வேண்டிய பங்கு கணிசமானது: குண்டு பட்டதா என்று தெரிந்த பிறகுதான் சுவர் இடியும். அதனால் கேமிங்குக்கு ஆறு அல்லது எட்டு வேகமான கோர்கள், பதினாறு சாதாரணக் கோர்களைவிட மேலானவை. வீடியோ எடிட்டிங் உங்கள் தொழில் என்றால் பதிலும் வேறு.

கிராபிக்ஸ் கார்டு இந்தச் சிக்கலிலிருந்து பெருமளவு தப்பிக்கிறது. திரையின் இடது மூலைப் பிக்சலின் நிறத்தைக் கணக்கிட வலது மூலைப் பிக்சலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எனவே ஆர்டிஎக்ஸ் 4060-ல் 3,072 சிறு கோர்களை வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்க முடிகிறது.

பிராசசரைத் தாமதப்படுத்தும் இன்னொரு காரணம் பெட்டியின் மேல் பெரிதாக அச்சாவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 0.2 நானோ வினாடி. அந்நேரத்தில் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போகும். ரேமிலிருந்து ஒரு தகவலைக் கொண்டுவரவோ 70, 80 நானோ வினாடி ஆகிறது. கேட்ட தகவல் பக்கத்தில் இல்லையென்றால் பிராசசர் முந்நூற்றைம்பது, நானூறு சுழற்சிகள் சும்மா நிற்கிறது. 2022-ல் ஏஎம்டி தன் ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் தகவலைப் பிராசசரின் பக்கத்திலேயே வைத்திருக்கும் மூன்றாம் நிலை கேஷ் நினைவகத்தை 96 எம்பி-யாக உயர்த்தியது. அதே குடும்பத்தின் 5800எக்ஸ்-ஐவிட அதன் கிகாஹெர்ட்ஸ் குறைவு. ஆனாலும் பல விளையாட்டுகளில் அதை முந்தியது. வேகத்தைக் கூட்டாமல் காத்திருப்பைக் குறைத்த வெற்றி அது.

சராசரி மறைப்பது

2011-ல் தி டெக் ரிப்போர்ட் இணையதளத்தில் ஸ்காட் வாசன் விளையாட்டுச் சோதனைகளைப் பார்க்கும் முறையையே மாற்றினார். வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளந்தார். ஒரு வினாடியில் 59 ஃபிரேம்கள் தலா 15 மில்லிவினாடியில் வந்து, ஒன்றே ஒன்று 115 மில்லிவினாடி எடுத்தால், சராசரி அழகாக 60 என்று காட்டும். விளையாடுபவருக்கோ அந்த ஓர் இடத்தில் படம் திக்கி நின்று போகும். மதிப்புரைகளில் ஒரு சதவீதத் தாழ்வு (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) என்று தனியாகத் தரப்படும் எண்ணைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்படித் திக்குவதற்கு முக்கியமான காரணம் கார்டின் நினைவகம் நிரம்பி வழிவது. ஆர்டிஎக்ஸ் 4060-ல் இருக்கும் 8 ஜிபி நினைவகம் வினாடிக்கு 272 ஜிபி வேகத்தில் தகவல் தரும். விளையாட்டுக்கு 9 ஜிபி தேவைப்பட்டால், மிஞ்சியது ரேமுக்குப் போகும். அதை எடுக்க மதர்போர்டின் பாதை வழியாக வர வேண்டும். அந்தப் பாதையின் வேகம் வினாடிக்குச் சுமார் 16 ஜிபி. பதினேழில் ஒரு பங்கு! கார்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்த ஃபிரேம் தாமதமாகத்தான் வரும். 8 ஜிபி கார்டு வாங்குபவர் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கி வைக்கத் தயாராக இருக்க வேண்டும். ஐந்தாறு ஆண்டு மாற்றப்போவதில்லை என்பவர் 12 அல்லது 16 ஜிபி கார்டுக்குக் காத்திருந்து சேமிப்பது நல்லது.

ரேமில் அளவைவிட எண்ணிக்கையில்தான் தவறு நடக்கிறது. 32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள். டிடிஆர்5-6000 ஸ்டிக் ஒன்று வினாடிக்கு 48 ஜிபி தரும். இரண்டை இரு தடங்களில் மாட்டினால் 96. ஒற்றை ஸ்டிக் போட்டால் பாதிப் பாதை மூடியே கிடக்கும்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க், கேட்ட இடம் சுழன்று வருவதற்கே சராசரியாக 4 மில்லிவினாடி எடுக்கிறது. கை நகரும் நேரம் அதற்கு மேல். 16.7 மில்லிவினாடியில் அது எங்கே கட்டுபடியாகும்? 2023-ல் வந்த ஸ்டார்ஃபீல்ட் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி-யைக் கேட்டது. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று போதும். வினாடிக்கு 3,500 எம்பி வகைக்கும் 7,000 எம்பி வகைக்கும் விளையாட்டில் வித்தியாசம் தெரிவது அரிது.

லேபிளை வாசியுங்கள்

ஃபிரேமுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதனால்தான் முதல்முறை கட்டுபவர்கள் மிச்சம் பிடிக்க நினைக்கும்போது முதலில் கை வைப்பது அதில். நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான்: அங்கே கை வைக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று பத்திகள். ஒவ்வொன்றின் கீழும் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். பிராசசரும் கார்டும் உண்பது 12 வோல்ட்டை. அந்தப் பத்தியில் 45.8 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஆல் பெருக்க ஏறக்குறைய 550 வாட். மேலே 550 வாட் என்று எழுதியிருப்பது உண்மை. கேபினட்டோடு மலிவாகச் சேர்ந்து வரும் ஒன்றில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டு, 12 வோல்ட்டின் கீழ் 18 ஆம்பியர் என்றிருந்தால், உங்களுக்குப் பயன்படுவது 216 வாட் மட்டுமே. ஒரு பெருக்கல் போதும், கடையில் நின்றபடியே கண்டுபிடித்துவிடலாம்.

நம் உதாரணத்துக்கு எவ்வளவு தேவை? கார்டு 115 வாட். பிராசசர் உச்சத்தில் 88 வாட். மற்றவை சுமார் 50. மொத்தம் 250 வாட் சொச்சம். ஆனால் கார்டு மில்லிவினாடிக்கும் குறைந்த நேரத்துக்குத் தன் சராசரியைப்போல் இரு மடங்கு வரை இழுக்கக்கூடும். அதைத் தாங்கவும், பின்னாளில் பெரிய கார்டு போடவும் நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் வசதியாக இருக்கும். 80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றி எதுவும் சொல்லாது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில், பெயர் பெற்ற தயாரிப்பு, ஐந்தாண்டுக்குக் குறையாத வாரண்டி, வீட்டில் சரியான எர்த் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பாதுகாப்பு.

அந்த 250 வாட்டும் கடைசியில் வெப்பமாகி உங்கள் அறைக்குள்தான் வருகிறது. கூலர் சில்லைக் குளிர்விப்பதில்லை. அறைக் காற்றைவிட அது எவ்வளவு அதிகம் சூடாகலாம் என்பதை மட்டும் கட்டுப்படுத்துகிறது. 25 டிகிரி அறையில் 70 டிகிரியில் ஓடும் சில்லு, சித்திரை மாத மதியத்தில் 38 டிகிரி அறையில் 83-ஐ நெருங்கும். குளிர்நாட்டு மதிப்புரைகளில் காணும் வெப்ப எண்ணோடு நம் ஊர் வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். முகப்பில் கண்ணாடி மூடிய கேபினட்டைவிட, வலைமுகப்பும் முன்னால் இரண்டு, பின்னால் ஒரு ஃபேனும் உள்ள கேபினட் நமக்கு ஏற்றது.

பொருத்தும்போது

பொருந்துமா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். ரைசன் 7600-க்கு ஏஎம்5 சாக்கெட் போர்டுதான் வேண்டும். டிடிஆர்5 போர்டில் டிடிஆர்4 ரேம் ஏறாது. கார்டின் நீளம் கேபினட்டுக்குள் அடங்க வேண்டும். சாக்கெட்டின் ஆயுளையும் கவனியுங்கள். 2017-ல் வந்த ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் பயாஸைப் புதுப்பித்தால் 2022-ன் 5800எக்ஸ்3டி ஓடும். அப்படிப்பட்ட போர்டு, பிராசசரை மட்டும் மாற்றும் வாய்ப்பைப் பல ஆண்டு தள்ளி உங்களுக்குத் தருகிறது.

பிராசசரின் ஒரு மூலையில் சிறிய முக்கோணக் குறி இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டும் ஒரே மூலையில் வரும்படி, விளிம்புகளை மட்டும் பிடித்து இறக்குங்கள். ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 மெல்லிய ஊசிகள் உள்ளன. விரல் பட்டாலே வளையும். பிராசசர் தன் எடையிலேயே அமர வேண்டும், அழுத்தவே கூடாது. அமர்ந்த பிறகு லீவரை இறக்கும்போது நன்றாக எதிர்ப்புக் கொடுக்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். ரேம் ஸ்டிக்குகளைப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் மாட்டுங்கள். கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் எழுந்த பிறகு மூன்று காரியம் பாக்கி. மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டும். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி-யை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் 6000 என்று வாங்கிய ரேம் 4800-ல் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் அமைப்பில் புதுப்பிப்பு வேகத்தை 144-க்கு மாற்ற வேண்டும். பல நேரம் அது 60-லேயே நிற்கும். மூன்றுக்கும் காசு செலவில்லை. செய்யாமல் விட்டால் இழப்பதோ ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கிய வேகம்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் திரை, வினாடிக்கு எத்தனை ஃபிரேம், எந்தெந்த விளையாட்டுகள். அதன்பின் கார்டு, அதற்கு ஈடுகொடுக்கும் பிராசசர், அதற்கேற்ற போர்டு, இரண்டு ஸ்டிக் ரேம், ஒரு எஸ்எஸ்டி, நேர்மையான எஸ்எம்பிஎஸ், காற்றோட்டமுள்ள கேபினட். பணம் போதவில்லையென்றால் கார்டில் ஒரு படி இறங்குங்கள். கார்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் இறங்காதீர்கள்.